"ண்ணா, நான்தான் மொதல்ல சுட்டேன்": தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விளையாடுகிற பிள்ளைகள். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "ண்ணா, நான்தான் மொதல்ல சுட்டேன். அப்புறம் எப்டிண்ணா நான் செத்தேன்?" அதற்கு அடுத்த கேள்வி, "புது மானிட்டர் வாங்கட்டா?"

வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். துறைமுகத்தில் லோடு இறக்கியும், மணலியில் ஷிஃப்ட் பார்த்தும் வீட்டில் சேர்த்த பணம் அது. தாமதம் வைஃபையில் இருக்கும்போது மானிட்டரில் போய் விழக்கூடாது.

எதிரி சுவர் ஓரம் தலை காட்டியதிலிருந்து உங்கள் குண்டு பட்டதாக சர்வர் (ஆட்டத்தை நடத்தும் தூரத்துக் கம்ப்யூட்டர்) ஒப்புக்கொள்வது வரை ஒரு சங்கிலி இருக்கிறது. சர்வரிலிருந்து செய்தி வர வேண்டும். சிப் அதைப் படமாக வரைய வேண்டும். திரை காட்ட வேண்டும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய வேண்டும். மௌஸோ டச்சோ அதை உணர்ந்து, செய்தி மறுபடி சர்வருக்குப் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் பெரும்பாலும் மிக நீளமான கண்ணி உடம்புதான். வெளிச்சத்தைப் பார்த்து பட்டனை அழுத்த ஆரோக்கியமான இளைஞருக்கு 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்த 100 மில்லி செகண்டுக்குள் காலை எடுத்தால் ஃபவுல் ஸ்டார்ட் என்று உலகத் தடகள விதி சொல்கிறது. அதற்குள் கிளம்பினவர் சத்தம் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று பொருள்.

அளவைவிட முக்கியமான ஒன்று உண்டு. மாறாத தாமதத்துக்கு உடம்பு பழகிவிடும், ஏறி இறங்கும் தாமதத்துக்குப் பழகாது. நம் தெருவில் கேரம் ஆடாதவர் குறைவு என்பதால் அதிலேயே சொல்கிறேன். பவுடர் குறைந்த போர்டில் காய் மெதுவாக ஓடினால் நாலு போர்டுக்குள் கை அதற்கேற்ப அடிக்கத் தொடங்கிவிடும். ஒரு மூலையில் மட்டும் ஈரம் ஏறியிருந்தால் எந்தச் சாம்பியனுக்கும் கணக்கு தப்பும். அதனால் "எவ்வளவு தாமதம்" என்பதோடு "ஒவ்வொரு தடவையும் அதே தாமதமா" என்றும் பாருங்கள்.

முதலில் இரண்டு அளவு

உடம்பை அளக்க 30 சென்டிமீட்டர் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். நண்பர் ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். சொல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் காக்க வைத்து அவர் விட வேண்டும். நீங்கள் பிடித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை செய்து, முதல் இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி போடுங்கள். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 175 மில்லி செகண்ட், 20 என்றால் 200, 25 என்றால் 225, 30 என்றால் 250. புவியீர்ப்பு தண்டையார்பேட்டையிலும் லேக் ஆகாது. இந்தச் சோதனையில் திரையும் இல்லை, மௌஸும் இல்லை, உங்கள் கண்ணும் கையும் மட்டும்தான். இணையத்தில் இருக்கும் ரியாக்‌ஷன் டெஸ்ட்கள் உங்கள் மானிட்டர், மௌஸின் தாமதத்தையும் உங்கள் கணக்கிலேயே எழுதிவிடுகின்றன. ஸ்கேலில் 190 வருகிற ஆளுக்கு அங்கே 270 காட்டினால், மீதியில் பெரும்பகுதியை மெஷினில் தேடலாம். பிடிப்பதும் அழுத்துவதும் ஒரே அசைவு இல்லை என்பதால் மில்லி செகண்ட் சுத்தமாகக் கழித்துப் பார்க்க முடியாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்ட அது போதும்.

மெஷினை அளக்க இன்னொரு மொபைலின் ஸ்லோ மோஷன் கேமரா வேண்டும். நொடிக்கு 240 ஃபிரேம் (படம்) என்று வைத்து, விரலும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். நெட் தேவைப்படாத பயிற்சி மைதானத்தில் நின்று ஒரு குண்டு சுடுங்கள். வீடியோவை கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் திறந்து ஆங்கில 'E' விசையைத் தட்டினால் ஃபிரேம் ஃபிரேமாக நகரும். பட்டன் முழுதாக அழுந்திய ஃபிரேமிலிருந்து துப்பாக்கி வாயில் நெருப்பு தெரியும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4.2 மில்லி செகண்ட், பத்து ஃபிரேம் என்றால் 42. சில மொபைல்கள் 960 ஃபிரேம் என்று சொல்லி, நடுவில் இல்லாத படங்களைத் தாமே வரைந்து நிரப்பும். அவற்றை எண்ணாதீர்கள், 240 போதும். பத்து குண்டு எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் 60 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது, 100 தாண்டினால் ஏதோ தவறு. மொபைல் டச்சில் 60 முதல் 100 வரை சாதாரணமாக வரும். பத்து எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதையும் எழுதிவையுங்கள்.

அறிகுறி: நெட் இல்லாத பயிற்சியிலேயே எல்லாம் மெத்தென்று, தண்ணீருக்குள் கை வீசுவது போல இருக்கிறது

சர்வர் இதில் சம்பந்தப்படவே இல்லை, ஆகவே வீட்டுக்குள் தேடுங்கள்.

டிவியை மானிட்டராக வைத்திருந்தால் அங்கே தொடங்குங்கள். படத்தை மெருகேற்ற டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். அதில் மட்டும் 100 மில்லி செகண்ட் போகும் டிவிகள் உண்டு. மெனுவில் கேம் மோட் போட்டால் அந்த மெருகேற்றல் நின்றுவிடும். என் கடைக்கு வந்த ஒரு குடும்பம் புது கிராபிக்ஸ் கார்டுக்கு விலை விசாரித்தது. ரிமோட்டில் ஒரு பட்டனோடு வேலை முடிந்தது.

மானிட்டர்தான் என்றால் அது உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை படம் மாற்றி, ஓடுகிறது என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ரிஃப்ரெஷ் ரேட்டை நீங்களே ஏற்ற வேண்டும். 144 வரவே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். பழைய ஹெச்.டி.எம்.ஐ.யாக இருக்கலாம், அல்லது கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கலாம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட், 144-ல் 6.9, 240-ல் 4.2. சங்கிலியில் இரண்டு மூன்று படங்கள் எப்போதும் வரிசையில் நிற்பதால் லாபமும் இரண்டு மூன்று மடங்காகும். 60-லிருந்து 144-க்குப் போவது நல்ல லாபம். 144-லிருந்து 240-க்குப் போவது சிறு லாபம், வட்டிக்கு வாங்கிச் செய்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வி-சிங்க் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். படம் கிழியாமல் இருக்க அது ஃபிரேமைக் காக்க வைக்கும், காத்திருப்பு அப்படியே தாமதமாகும். கிராபிக்ஸ் கார்டு நூறு சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தாலும் வரிசை நீளும். எஃப்.பி.எஸ்.ஸுக்கு (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்) ஒரு உச்சவரம்பு வைத்து கார்டுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தால், காட்டும் எண் குறையும், கைக்கு வேகம் கூடும். என்விடியா 2020-ல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் இந்த வரிசையைத்தான் குறைக்கிறது. உங்கள் ஆட்டத்தில் அந்த வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: முதல் இருபது நிமிடம் பிரமாதம், அப்புறம் ஒட்டுகிறது

சூடு. அக்னி நட்சத்திர நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஆடினால் எந்த மொபைலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 60-ல் ஓடிய ஃபிரேம் 40 ஆகும், 48 ஆகும், மறுபடி 35 ஆகும். இதுதான் ஈர மூலை.

உறையைக் கழற்றுங்கள். சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள், சார்ஜ் ஏறும் சூடும் சிப்பின் சூடும் ஒன்றாகச் சேரும். வெளிச்சத்தைக் குறையுங்கள். கிராபிக்ஸை ஸ்மூத்தில் வைத்து, மொபைல் ஒரு மணி நேரமும் தாங்கக்கூடிய ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். 90-க்கும் 50-க்கும் நடுவே ஆடுவதைவிட அசையாத 60 மேல். மொபைலை ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவரும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போர்டின் மேல் நீராகப் படியும். அப்படிச் செத்த போன்களை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் தூசி. மெயின் ரோட்டு லாரி தூசி எங்கள் பக்கத்து கேபினெட்களில் கம்பளி மாதிரி படிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மெஷினுக்கு மூன்று நாலு வயது ஆகிவிட்டால் பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்டையும் மாற்றுங்கள்.

அறிகுறி: பயிற்சியில் நன்றாக இருக்கிறது, மேட்சில்தான் "நான் மொதல்ல சுட்டேன்"

கடைக்கு வரும் புகார்களில் இதுதான் அதிகம், தவறான செலவும் இதில்தான் அதிகம்.

முதலில் ரவுட்டர் வரைக்கும் மட்டும் பாருங்கள். கமாண்ட் விண்டோவில் பிங் கட்டளையை (ஒரு சின்னச் செய்தி போய்வர ஆகும் நேரத்தைக் காட்டுவது) ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, நூறு முறை ஓடவிடுங்கள். கேபிளில் 1 மில்லி செகண்ட் வர வேண்டும். வைஃபையில் 2, 3, அவ்வப்போது 10 வரலாம். 3, 4, 180, 5, 90 என்று குதித்தால் நெட் கம்பெனியின் லைனைத் திட்ட வேண்டாம், தாமதம் உங்கள் ஹாலிலேயே இருக்கிறது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது முப்பது பெயர் வரும். வைஃபையின் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். சுவர் தாண்டினால் அது பலவீனமாகும், ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுங்கள். முடிந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். பத்து மீட்டர் லேன் கேபிள் தரும் நிம்மதியை ஆறு ஆண்டெனா ரவுட்டர் தராது.

கேபிள் போட்டும் பாக்கெட் லாஸ் (செய்தித் துண்டுகள் வழியில் காணாமல் போவது) வந்தால் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் என்று கடற்கரை ஓரத் தெருக்களில் உப்புக்காற்று பிளக்கின் உலோகக் கம்பிகளைப் பச்சை பிடிக்க வைக்கும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பாக்கெட் காணாமல் போனால் வீடியோ பார்ப்பவருக்குத் தெரியாது, சண்டை நடுவே உங்களுக்குத் தெரியும். நுனியை வெட்டிப் புது பிளக் அழுத்தினால் சரியாகிவிடும்.

ரவுட்டர் வரை சுத்தம், ஆனால் இரவு எட்டு மணிக்கு மட்டும் கெடுகிறது என்றால் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அக்கா கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 30-ல் இருந்த பிங் 300 ஆகலாம். ரவுட்டருக்குள் பெரிய வரிசை உருவாகி, உங்கள் சின்னச் செய்தியும் அதன் வாலில் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். அதிக வேக பிளான் வாங்குவது முழு மருந்து ஆகாது. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூ.ஓ.எஸ். அல்லது எஸ்.கியூ.எம். வசதி இருந்தால் லைனின் வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு வரம்பு வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், வரிசை கலையும்.

இத்தனைக்குப் பிறகும் இருப்பது தூரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சர்வர் மும்பையில் இருந்தால், நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், ஆகவே போய்வர 10 மில்லி செகண்டுக்குக் குறையவே குறையாது. சுற்றுவழியும் இடைநிலைகளும் சேர்ந்து 25, 30, 35 வரும். சிங்கப்பூர் ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம். மும்பைக்கு 30 வருகிறது என்றால் லைனில் வாங்க இனி ஒன்றுமில்லை. சர்வர் தேர்வு தானியங்கியில் இருந்தால் மும்பை என்று கையால் போடுங்கள்.

பிங் 30-ஆக இருந்தும் மூலையில் காத்திருந்த நீங்களே சாகிறீர்களா? வெளியே பாய்கிறவன் தன் திரையில் உங்களை முதலில் பார்த்துவிடுகிறான். அவன் வந்த செய்தி உங்களுக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் நேரமாகிறது. ஆட்டத்தின் அமைப்பே அப்படி. நொடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கும் வேலரன்ட் என்ற ஆட்டத்தின் சர்வரிலும் இது குறையுமே தவிரப் போகாது. ஒரே கோணத்தில் வேரூன்றி நிற்காதீர்கள். சுட்டதும் இடம் மாறுங்கள், சில நேரம் பாய்கிறவராக நீங்களே இருங்கள்.

அறிகுறி: காலடிச் சத்தம் கேட்கும்போது எதிரி ஏற்கெனவே முன்னால் நிற்கிறான்

புளூடூத் இயர்பட். சாதாரண புளூடூத்தில் சத்தம் 150, 200 மில்லி செகண்ட் பின்தங்கும். மனிதருக்கு காது கண்ணைவிட வேகம். வெளிச்சத்துக்கு 200 எடுக்கும் உடம்பு சத்தத்துக்கு 160-லேயே அசையும். உங்களிடம் இருக்கும் வேகமான புலனை எடுத்து மிக மெதுவான ஒயரில்லாக் கருவியில் மாட்டியிருக்கிறீர்கள். ஒயர் இயர்போன் போடுங்கள். மொபைலில் இயர்போன் துளை இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் மிகக் குறைந்த காசுக்கு மிக அதிகம் திரும்பக் கிடைக்கும் இடம் இதுதான்.

அறிகுறி: சில கிளிக் விழவில்லை, சில இரண்டாக விழுகிறது

ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது அதற்குள்ளும் உப்பு ஏறியிருக்கிறது. மாற்றுவது அரை மணி நேர வேலை. ஒயரில்லா மௌஸ் விட்டுவிட்டு நகர்ந்தால் அதன் டாங்கிளை (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர்) பாருங்கள். யு.எஸ்.பி. 3 துளையும் அதன் கேபிள்களும் 2.4 கிகா ஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், டாங்கிள் பேசுவதும் அதே அலையில். சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டு டாங்கிளை மௌஸ் பக்கத்தில் வையுங்கள். மௌஸ் போலிங் ரேட் 125-ல் இருந்தால் 8 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் பேசும், 1000-ல் வையுங்கள்.

மொபைலில் டச் தவறினால் பாதி நேரம் வியர்வை. சில பையன்கள் கேரம் பவுடரை விரலில் தடவிக்கொண்டு ஆடுகிறார்கள். அது ஸ்பீக்கர் துளைக்குள் போய் அடைக்கிறது. விரலுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, எண்களும் நல்ல எண்கள், இருந்தும் நான் மெதுவாக இருக்கிறேன்

1868-லேயே டச்சு உடலியலாளர் டோண்டர்ஸ் காட்டியது: ஒரே சைகைக்கு ஒரே பதில் என்றால் மனிதர் வேகம், எந்தச் சைகைக்கு எந்தப் பதில் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நேரம் கூடும். 1952-ல் ஹிக், தேர்வுகள் பெருகப் பெருக நேரமும் எப்படி வளர்கிறது என்று கணக்காகவே கொடுத்தார். ஸ்கேல் பிடிப்பதில் ஒரே வேலை. ஆட்டத்தில் சுடுவதா, மறைவதா, குண்டு எறிவதா, கூட்டாளியா எதிரியா? உங்கள் 200 இங்கேதான் 400 ஆகிறது. மௌஸ் மாற்றி இதைக் குறைக்க முடியாது. தேர்வுகளை முன்கூட்டியே முடித்துவைத்தால் குறையும்: "இந்தக் கதவில் யார் வந்தாலும் சுடுவேன், இரண்டு பேர் வந்தால் பின்வாங்குவேன்" என்று வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். குறிவட்டம் தலை வரும் உயரத்திலேயே இருந்தால் கை நகர வேண்டிய தூரமும் மிச்சம்.

நம் பக்கத்துக் குத்துச்சண்டைக் களத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். வருகிற கையைப் பார்த்து விலகுகிறவர் அடி வாங்குவார். நல்ல ஆட்டக்காரர் தோளையும் இடுப்பையும் படிக்கிறார். வியாசர்பாடி மைதானத்தில் கோல் கீப்பரைக் கேளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் பெனால்டி 11 மீட்டரைக் கடக்க 0.4 நொடிதான். பந்து காலைவிட்டுப் போன பிறகு யோசித்தால் பாய நேரமில்லை, உதைக்கிறவரின் ஊன்றுகாலைப் பார்த்தே கிளம்புகிறார். வெறும் அனிச்சை வேகத்தைப் பயிற்சியால் கொஞ்சம்தான் கூட்டலாம். முன்கூட்டிப் படிக்கும் திறமைக்கு அப்படி எல்லை எதையும் நான் பார்த்ததில்லை. மேட்சின் பதிவை இரவில் ஒருமுறை போட்டு, நீங்கள் செத்த இடங்களில் அதற்கு மூன்று நொடி முன்னால் என்ன தடயம் இருந்தது என்று தேடுங்கள்.

தூக்கம். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். மொபைலை மாற்ற வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஸ்லோ மோஷனில் எண்ணினேன், 75, 79, 75, 83. போனில் குறையில்லை. ஸ்கேலை விட்டேன், சராசரி 27 சென்டிமீட்டர். நடுவில் இரண்டு தடவை பிடிக்கவே இல்லை, ஸ்கேல் தரையில் விழுந்தது. எனக்குக் கவலை தந்தது அந்த இரண்டுதான். தூக்கம் கெட்ட உடம்பு சராசரியில் கொஞ்சம் மெதுவாவதோடு நிற்பதில்லை, இடையிடையே முழுதாக அணைந்து எரிகிறது. கேட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போகிறான், இரவு பன்னிரண்டரை வரை ஸ்குவாடோடு ஆடுகிறான். "ரெண்டு மணி நேரம் தான்டா தூங்குற" என்று அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

ஏலத்துக்குப் போவதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அது அவர்கள் சோறு. ஆட்டத்தை மாலை ஆறு முதல் எட்டரை வரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஏலம் முடிந்து வந்து காலையில் ஒரு தூக்கம், இரவு ஒன்பதுக்குப் படுக்கை, சாயங்காலம் ஐந்துக்கு மேல் டீ வேண்டாம். டீயின் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பத்து நாள் கழித்து வந்து அவனே ஸ்கேலைக் கேட்டு வாங்கினான். 18 சென்டிமீட்டர், ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போது அந்த ஸ்குவாடு ஆள்களும் ஆறு மணிக்கே வந்துவிடுகிறார்கள். சனிக்கிழமை போட்டி இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி பயிற்சி வைப்பதில்லை என்று அவர்களாகவே முடிவெடுத்திருக்கிறார்கள்.